லிஃப்டில் நுழையாத கட்டில்

முதல் நாள்

மரச்சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியைக் குண்டூசியால் குத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் குத்தியது என்னுடைய ஊசிதான்.

அதற்கு முன்பு பல வருடம் கல்கத்தாவில், கரியாஹாட்டில் ஒரு துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். கேட்பவர்களிடம் ஃபேஷன் டிசைன் படித்தவள் என்று சொல்லிக்கொள்வேன். செய்த வேலை, பொம்மைக்கு மடிப்பு வைப்பது. பொம்மையின் மேல் புடவை நிற்க வேண்டுமானால் முதுகுப் பக்கம் வரிசையாக ஊசி குத்த வேண்டும். பொம்மை உட்காராது, குனியாது, வியர்க்காது, இடுப்பு இறுக்குகிறது என்று புகார் சொல்லாது. அவ்வளவு நல்ல வாடிக்கையாளரிடம் பழகியதில் நான் கெட்டுப்போயிருந்தேன்.

என் முதலாளியை எல்லோரும் கனாய் தா, அதாவது கனாய் அண்ணன், என்பார்கள். அவருடைய மரச்சாமான் கடை அதே கரியாஹாட்டில், ஒரு சந்துக்குள் இருந்தது. தேக்கு, சீஷம், பிரம்பு. எல்லாம் ஒரு தலைமுறைக்கு முந்தைய டிசைன், அடுத்த தலைமுறையிலும் காலாடாது. ஆனால் வாங்க வருகிறவர்களின் பெண்கள், "இதில் ஸ்டைல் எங்கே, காக்கூ?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கனாய் தாவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் என்னை வைத்துக்கொண்டார்.

முதல் நாளே கடை முகப்பில் இருந்த தேக்கு சோபாவுக்கு ஒரு பெரிய துப்பட்டாவைக் கொசுவம் வைத்துப் போர்த்தினேன். கொசுவம் கலையாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதை நிறுத்தினேன். மதியம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு வந்த கனாய் தா வழக்கம்போல அந்த சோபாவில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் எழுந்தார்.

"ஹேமா, இது சோபாவா, முள்ளம்பன்றியா?" என்று பெங்காலியில் கத்தினார்.

"பார்க்க எப்படி இருக்கு, தா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

"நின்னுக்கிட்டுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்றார் முதுகைத் தடவிக்கொண்டே.

அன்று சாயங்காலமே தெருவில் போன ஒரு பெண்மணி அந்த சோபாவைத் துப்பட்டாவோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனதால் என் வேலை தப்பியது. ஒரு வாரத்தில் எனக்கு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தார். 'ஸ்டைல் கன்சல்டன்ட்' என்று போட்டிருந்தது. அந்தக் கார்டு என் தலைக்கு ஏறியதற்கு நான் பொறுப்பல்ல, எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

எது ரொம்ப கனம்?

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. ஆளுக்கு உடுத்துவதும் வீட்டுக்கு உடுத்துவதும் ஒன்று. நல்ல தேக்கு மேஜை என்பது நன்றாகத் தைத்த வெள்ளைச் சட்டை மாதிரி, எந்த வருடமும் பழசாகாது. குஷன், திரை, விளக்கு எல்லாம் துப்பட்டா, கம்மல், செருப்பு மாதிரி, நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். கொள்கையில் இன்றைக்கும் தப்பு இல்லை. அதைச் சொல்லும்போது நான் கையை ஆட்டிய விதத்தில்தான் தப்பு. 'கலர் ஸ்டோரி' என்பேன், 'சிலுவெட்' என்பேன், 'இந்த அறைக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் பீஸ் வேண்டும்' என்பேன். என் சொந்த வீட்டில் இருந்த ஸ்டேட்மெண்ட் பீஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் மடிக்காத துணி மலை மாதிரிக் குவிந்திருக்கும்.

அப்படியிருந்த ஒரு பங்குனி மாதத்தில் கோமதி அக்காவும் செல்லையா சாரும் கடைக்கு வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். சார் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் எஞ்சினியராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஊர் ஊராக மாற்றல். கடைசிப் போஸ்டிங் கல்கத்தா. இங்கேயே நியூ டவுனில் எட்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தார்கள்.

நான் தமிழில் வரவேற்றதும் கோமதி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"இங்கதான் அக்கா. லேக் மார்க்கெட் பக்கம் பொறந்து வளந்தேன்."

"அதான பாத்தேன். தமிழ் பேசுதிய, ஆனா ரசகுல்லாவ வாயில வச்சுக்கிட்டுப் பேசுத மாதிரி இருக்கு."

நான் சிரித்துக்கொண்டே என் கொள்கையை ஆரம்பித்தேன். வெள்ளைச் சட்டை வரைக்கும்தான் போக முடிந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இந்தக் கடையிலயே எது ரொம்ப கனம்? அதக் காட்டுங்க."

கனாய் தாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். எடை கேட்டு மரச்சாமான் வாங்க வந்தவரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. மகிழ்ச்சியில் அவரே எழுந்து வந்து காட்டினார். கோமதி அக்கா ஒவ்வொன்றையும் இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். நகர்ந்தால் அடுத்ததற்குப் போனார். கடைசியில் கிடங்கின் மூலையில் இருந்த ஒரு பழைய வங்காளப் பாணிக் கட்டிலின் முன் நின்றார். இங்கே இதைப் பாலங்கோ என்பார்கள். முழங்காலுக்கு மேல் உயரம், கடைந்த கால்கள், யானை ஏறிப் படுத்தாலும் முனகாது. இடித்துப் பார்த்தார். கட்டில் அசையவில்லை. அவருக்குத்தான் இடுப்பு வலித்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"இதுதான் வேணும்."

செல்லையா சார் பக்கத்தில் வந்தார். குனிந்து கட்டிலின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இது ஸ்க்ரூவா, பசையா? கழட்ட வருமா?"

"இப்போதைக்கு ஸ்க்ரூதான் சார். கழட்டலாம்."

"வேண்டாம்" என்றார் கோமதி அக்கா. "ஸ்க்ரூவெல்லாம் எடுத்துட்டு ஆப்பு அடிச்சு பசை போட்டு ஒட்டிருங்க. ஒருத்தரும் கழட்டக் கூடாது."

சார் தரையைப் பார்த்தார். மனிதர்களைப் பார்த்தவுடனே படித்துவிடுவேன் என்று எனக்கு அப்போது ஒரு நினைப்பு. கணவர் மினிமலிஸ்ட், மனைவி டிரடிஷனல் என்று முடிவு கட்டினேன். இரண்டையும் இணைக்கும் ஃப்யூஷனை நான் ஒருத்திதான் தர முடியும் என்றும் முடிவு கட்டினேன்.

மூட் போர்டு

அடுத்த வாரம் அவர்கள் ஃப்ளாட்டுக்குப் போனேன். வீட்டில் இருந்த எல்லாமே மடக்கக் கூடியவை. மடக்குக் கட்டில், மடக்கு மேஜை, மடக்கு நாற்காலி. சுவரோரம் டிரங்குப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் பழைய ஊர்ப் பெயரைப் பெயிண்டால் அடித்து அதன் கீழே புது ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. ஜன்னலில் தொங்கிய திரைச்சீலைகளைப் பார்த்ததும் நான் அசந்துபோனேன். கீழ் விளிம்பில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல தையல் கோடுகள். சில கோடுகளில் தையல் பிரிந்து நிறம் மாறியிருந்தது.

"அக்கா, இந்த ஹெம்ல ஒரு ரா ஃபினிஷ் இருக்கு பாருங்க! இதுதான் இப்ப ஃபேஷன். எங்க டிசைன் பண்ணீங்க?"

"டிசைனா? ஒவ்வொரு குவார்ட்டர்ஸ்லயும் ஜன்னல் ஒவ்வொரு உசரம்லா? உசரம் கூடுனா பிரிச்சு விடுவேன். கொறஞ்சா மடிச்சுத் தைப்பேன். அவ்ளோதான்."

அது எனக்கு எதையாவது சொல்லியிருக்க வேண்டும். நான் அதைப் போட்டோ எடுத்து, யோசனைகளைப் படங்களாக ஒட்டிக் காட்டும் மூட் போர்டில் 'டிஸ்ட்ரெஸ்டு டெக்ஸ்சர்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினேன்.

அடுத்த முறை போனபோது மூட் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். கட்டிலுக்குப் புதிதாக ஒரு தேக்குத் தலைப்பலகை, அதற்கு கிரீம் நிற வெல்வெட்டில் பஞ்சு வைத்து, உயரமாக, விசிறி மாதிரி விரியும் ஒரு அப்ஹோல்ஸ்டரி. ஒரு கவுனின் மேல்பாகத்தைப் பார்த்து வந்த யோசனை அது. பால்கனி மூலையில் சாருக்கு ஒரு நாற்காலி. கையில்லாதது, முதுகு ஒரு பக்கமாக வளைந்து இறங்கும். ராம்பில் நடக்கும் பெண்ணின் இடுப்பு அசைவைப் பார்த்து வந்த யோசனை.

செல்லையா சார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எந்தப் பக்கம் உக்காரணும்?"

"அது ஒரு ஸ்கல்ப்சுரல் பீஸ் சார்."

"ஓ" என்றார். அந்த நாற்காலியையும் சேர்த்தே ஆர்டர் எழுதிக்கொண்டேன்.

கோமதி அக்காவுக்கு வெல்வெட்டும் வேண்டாம், விசிறியும் வேண்டாம். ஆனால் தலைப்பலகை சேர்ந்தால் கட்டில் இன்னும் கனமாகும் என்று நான் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் பட்டறையிலேயே ஒரே உடம்பாக ஒட்டி, பாலிஷ் போட்டு, வெல்வெட் தைத்து, முடித்துக் கொண்டுவருவது என்று தீர்மானம். வீட்டில் வைத்துச் செய்தால் தூசி பட்டு வெல்வெட் கெட்டுவிடும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இணைப்பே தெரியக் கூடாது, 'ஸீம்லெஸ்'ஸாக இருக்க வேண்டும் என்று தச்சு மிஸ்திரியைப் பாடாய்ப் படுத்தினேன்.

கனாய் தா ஒரு முறை கேட்டார். "எல்லாம் அளந்தாச்சா?"

"அளந்தாச்சு, தா. திரைக்கு, சுவருக்கு, விளக்கு உயரத்துக்கு, எல்லாத்துக்கும்."

பொய் சொல்லவில்லை. படுக்கையறையை மூலை முடுக்கு விடாமல் அளந்திருந்தேன்.

ஏற்றவா, இறக்கவா?

கட்டில் வேனில் வந்து இறங்கிய அன்று, அதை லிஃப்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. கட்டிலும் லிஃப்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றன. தூக்கி வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த டேப்பைப் பார்த்தேன்.

நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். படிக்கட்டில் முதல் திருப்பத்திலேயே என் விசிறி மாட்டிக்கொண்டது. கழற்றலாம் என்றால் கழற்ற முடியாதபடி ஒட்டியிருக்கிறது. அதுவும் வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி, என் மேற்பார்வையில்.

கனாய் தாவுக்கு போன் செய்தேன். "லிஃப்டை அளந்தியா?" என்றார்.

"ரூமை அளந்தேன், தா."

"கட்டில் ரூமுக்குள்ளேயே பொறக்குமா, ஹேமா?"

அவரே ஆள் ஏற்பாடு செய்தார். ரஃபிக் என்பவரின் தலைமையில் கயிறும் கப்பியுமாக நாலைந்து பேர் வந்தார்கள். பியானோ, ஜெனரேட்டர் எல்லாம் மாடிக்கு ஏற்றிய ஆட்கள். குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி முதலில் முடியவே முடியாது என்றார். கோமதி அக்கா அவரிடம் நல்ல பெங்காலியில் பேசி எப்படியோ சம்மதிக்க வைத்தார். ரஃபிக்கும் ஆட்களும் மொட்டை மாடியில் கப்பி கட்டினார்கள். கீழே இரண்டு பேர் கட்டில் சுவரில் மோதாமல் கயிறு பிடித்தார்கள். பால்கனியில் கிரில்லையும் கண்ணாடிக் கதவையும் கழற்றிவிட்டு நாங்கள் மூன்று பேரும் நின்றோம். நான், கோமதி அக்கா, செல்லையா சார்.

கட்டில் தரையை விட்டு எழும்பியது. எதிர் பிளாக்கில் ஒவ்வொரு பால்கனியாக ஆள் நிரம்பியது. சிலர் டீக் கோப்பையோடு வந்து நின்றார்கள். கிரீம் நிற வெல்வெட் விசிறியோடு அது மேலே வருவதைப் பார்க்க, ஏதோ ஒரு மகாராணி வானத்தில் படுக்கப் போகிற மாதிரி இருந்தது. அந்த நிலையிலும், கலர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆறாவது மாடி தாண்டியபோது காற்றின் குணம் மாறியது. கல்கத்தாவில் கோடை மதியங்களில் திடீரென்று வானம் கறுத்துக் கால்பைசாக்கி என்ற புயல்மழை அடிக்கும். வடமேற்கில் வானம் கருநீலமாகியிருந்தது. என் விசிறி பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்தது. கட்டில் மெதுவாகச் சுழன்றது.

"வேண்டாம்" என்றார் செல்லையா சார். "இறக்கச் சொல்லுங்கம்மா."

"சார், இன்னும் கொஞ்சந்தான்."

"இறக்கச் சொல்லுங்க. ஏத்திட்டா மறுபடி எப்படி இறக்குதது? ஜூன்ல நாங்க..."

கோமதி அக்கா திரும்பினார்.

"ஜூன்ல என்ன?"

சார் கட்டிலைப் பார்த்தார். கட்டில் எங்களுக்குக் கொஞ்சம் கீழே, எங்கள் பக்கம் தலையைத் திருப்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

"ராய்ப்பூர்ல ஒரு கம்பெனி. கன்சல்டன்ட்டா வரச் சொல்லுதான். மூணு வருசம். குவார்ட்டர்ஸ் தாறான்."

"எப்பக் கேட்டான்?"

"ரிட்டையராகுததுக்கு முன்னாலயே."

"நீங்க என்ன சொன்னிய?"

"வாரேன்னு சொல்லிட்டேன்."

மேலிருந்து ரஃபிக்கின் குரல் வந்தது. "தீதி! துல்போ, நா நாமாபோ?" அக்கா, ஏற்றவா, இறக்கவா என்று கேட்கிறார். கேள்வி எனக்கு. கன்சல்டன்ட் நான்தானே. ஒரு கையை மேலே தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினேன். கப்பிக் கயிற்றைத் தூணில் சுற்றிக் கட்டினார்கள். கட்டில் அந்தரத்தில் நின்றது.

"எத்தன ஊரு" என்றார் கோமதி அக்கா. குரல் ஏறவில்லை. "ஆர்டர் வந்துட்டுன்னு நீங்க சொல்லுவிய. நான் டிரங்குப் பெட்டிய இறக்குவேன். ஒரு தடவயாவது மாட்டேன்னு சொன்னனா? ரூர்கேலாவுல நான் போட்ட தக்காளி செவந்து கெடந்துது, பறிக்காமலே கெளம்புனோம். அந்த வீட்டுக்குப் பெறகு யாரு வந்தா, அவ பறிச்சாளான்னு நான் எத்தன நாளு நெனச்சிருப்பேன்! இந்தத் தடவ லாரியில ஏறாத சாமானா வாங்கணும்னு வந்தேன். நீங்க கூடவே வந்து, கழட்ட வருமான்னு கேக்கிய."

நான் ஓடிப்போக நினைத்தேன். ஆனால் வீட்டுக்குள் போக வேண்டுமானால் இரண்டு பேருக்கும் நடுவே புகுந்துதான் போக வேண்டும். எதிர் பிளாக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எனக்குக் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் சார்.

"ஏன் சொல்லல? அழுவேன்னா?"

"நீ அழ மாட்ட கோமதி. ஒண்ணும் சொல்லாம பெட்டிய எடுத்து அடுக்க ஆரம்பிச்சிருவ. அதுக்குத்தான் பயந்தேன்."

முதல் மழைத்துளிகள் விழுந்தன.

"வீட்டுல உக்காந்து நான் என்னத்த செய்ய?" என்று சார் கேட்டார். "காலைல எட்டு மணிக்கு மேல வீட்டுல இருந்து எனக்குப் பழக்கமே இல்ல. நீ மத்தியானம் என்ன பண்ணுவன்னுகூட எனக்குத் தெரியாது. ரிட்டையரானதுல இருந்து லிஃப்ட்ல ஏறுதேன், இறங்குதேன். வாட்ச்மேன் என்னன்னு கேக்கான்."

"தீதி!" ரஃபிக் மறுபடியும் கத்தினார். "ஜோட் ஆஸ்ச்சே!" புயல் வருகிறதாம். எங்களுக்கே தெரிந்தது.

கோமதி அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். "நீங்க போயிட்டு வாங்க. உங்க வேல, உங்க இஷ்டம். நான் தடுக்கல. நானும் கட்டிலும் இங்க இருக்கோம்." சொல்லிவிட்டு, பால்கனிக்கு வெளியே தலையை நீட்டி, மேலே பார்த்து பெங்காலியில் கத்தினார். "துலே தாவ்!" ஏற்றச் சொல்கிறார்.

கயிறு இழுபட்டது. அதே நேரத்தில் காற்று முழுதாக இறங்கியது. கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் உரசியது. வெல்வெட் கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பால்கனிக்கு நேராக வந்தபோது அது எங்களுக்கு எட்டாமல் வெளிப்பக்கமாக ஆடியது. திரும்பி வந்த ஆட்டத்தில் ஒருவர் பாய்ந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார். கோமதி அக்கா இல்லை, நானும் இல்லை. செல்லையா சார்தான்.

"புடி கோமதி! அந்தக் கால நீ புடி! ஏம்மா, நீங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?"

நான் அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. ஆட்கள் படியில் ஓடிவந்து சேர்ந்ததும் கட்டில் பக்கவாட்டில் சாய்ந்து உள்ளே வந்தது.

கூடத்தில் கட்டிலை இறக்கியபோது எல்லோரும் தெப்பமாக நனைந்திருந்தோம். வெல்வெட் விசிறி, சாக்கடையில் விழுந்து எழுந்த பூனை மாதிரி இருந்தது. கோமதி அக்கா கட்டிலை இடுப்பால் ஒரு இடி இடித்தார். பிறகு அதன் மேல் ஏறி உட்கார்ந்து, கால் தரையைத் தொடாமல், சத்தமில்லாமல் அழுதார். செல்லையா சார் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஏறி உட்கார்ந்தார். நான் சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டேன். சர்க்கரை டப்பா கண்ணில் படவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. ரஃபிக்கின் ஆட்கள் சர்க்கரையில்லாத டீயை மரியாதையாகக் குடித்தார்கள்.

உட்காரும் அளவு

மறுநாள் மிஸ்திரி போய் வெல்வெட்டையும் பஞ்சையும் பிய்த்தெறிந்துவிட்டுப் பலகையைத் தேய்த்துப் பாலிஷ் போட்டார். அடியிலிருந்த தேக்கு அவ்வளவு அழகாக இருந்தது. நான் அதை எதற்கு மூடினேன் என்று கனாய் தா கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு உறைத்தது.

ஜூனில் செல்லையா சார் ராய்ப்பூர் போனார். மடக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். கோமதி அக்கா இங்கேயே இருந்தார். நடுவில் ஒரு முறை கரியாஹாட்டில் புடவைக் கடை வாசலில் பார்த்தேன். பக்கத்து ஃப்ளாட் பௌதிகளோடு, அதாவது அண்ணிமார்களோடு, துர்கா பூஜைக்குத் துணி எடுக்க வந்திருந்தார். "அவுகளா? ராத்திரி போன் போடுதாவ. அங்க என்ன சாப்பிட்டாவன்னு சொல்லுவாவ, இங்க என்ன மழைன்னு கேப்பாவ. முன்னால ஒரே வீட்டுல இருந்தப்ப இம்புட்டுப் பேசுனதில்ல" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது.

அடுத்த வருடப் பூஜைக்கு முன்பு ஒரு நாள் கோமதி அக்காவின் போன் வந்தது.

"ஹேமா, அவுக வந்துட்டாவ. ஒரேயடியா வந்துட்டாவ. ஒரு நாற்காலி வேணும். நீ வரஞ்ச அந்த வளைஞ்ச நாற்காலி மாதிரி வேண்டாம்மா, அதுல நான் ஈரத் துண்டு காயப் போடுதேன். மனுசன் உக்காருத மாதிரி ஒண்ணு."

போனேன். மூட் போர்டு எடுத்துப் போகவில்லை. சார் கொஞ்சம் மெலிந்திருந்தார். ஏன் பாதியில் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அங்கயும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ரூம்லதாம்மா உக்காரணும். இங்கன்னா பேச்சுத் துணைக்கு ஆளு இருக்கு" என்றார்.

நாற்காலிக்கு அளவெடுக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் நாற்காலிக்காக இடத்தை அளந்திருக்கிறேன். ஆளை அளந்ததில்லை. ஃபேஷன் வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கால்சட்டைக்கு நின்றபடி மட்டும் அளவெடுத்தால் போதாது, ஆளை உட்கார வைத்தும் ஓர் அளவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நிற்பதற்கு மட்டும்தான் உதவும். எங்கள் வகுப்பில் எல்லோரும் அதைச் செய்தோம். பொம்மைகளிடம் போன பிறகு நான் மறந்துவிட்டேன்.

சாரை டைனிங் நாற்காலியில் உட்கார வைத்து, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, அங்கிருந்து முதுகு வரை, முழங்கை உயரம் எல்லாம் அளந்தேன். மெடிக்கல் செக்கப்புக்கு வந்தவர் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலிய எங்க போடணும், சார்? எங்க உக்காந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்?"

அவருக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. கோமதி அக்கா ஒரு யோசனை சொன்னார். ஒரு வாரம் அந்த டைனிங் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிப் பார்க்கட்டும் என்றார். சார் அதை ஒரு ப்ராஜெக்ட் மாதிரி எடுத்துக்கொண்டார். பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார், வெயில். கூடத்தில் டிவிக்கு எதிரே, தூக்கம் வந்தது. படுக்கையறை ஜன்னலோரம், எதிர் பிளாக்கில் இருந்தவர்கள் கட்டில் எப்படி இருக்கிறது என்று சைகையில் கேட்டார்கள்.

வாரக் கடைசியில் நான் போனபோது நாற்காலி சமையலறை வாசலில் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் அல்ல, சரியாக வாசலில். பாதி உள்ளே, பாதி வெளியே. சார் அதில் உட்கார்ந்து பேப்பரில் இருந்த செய்தியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே கோமதி அக்கா அரிவாள்மனையில் கீரை நறுக்கிக்கொண்டே, "பொய் சொல்லுதான்" என்று செய்திக்கு பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்க அக்கா வெளியே வர வேண்டுமானால் சார் எழுந்து வழிவிட வேண்டும். எழுந்தார். அக்கா உள்ளே திரும்பியதும் மறுபடி உட்கார்ந்தார்.

"இங்கதாம்மா" என்றார் என்னைப் பார்த்து.

எங்கள் தொழிலில் இதைவிட மோசமான இடம் கிடையாது. நடக்கிற வழியை அடைக்கக் கூடாது என்பது முதல் பாடம். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல இருந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. மூடிக்கொண்டு வாசலின் அகலத்தை அளந்தேன். வாசலில் அடங்குகிற அளவில், தேக்கில், கை வைத்து, பிரம்பு பின்னி ஒரு நாற்காலி செய்து கொடுத்தோம். கொசுவம், விசிறி, வளைவு எதுவும் கிடையாது. குஷனுக்குத் துணி மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். இலைப் பச்சை. அதைப் பார்த்து கோமதி அக்கா, "இது நல்லாருக்கு" என்றார். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

கடையின் இணையப் பக்கத்தில் போட கனாய் தா போட்டோ கேட்டார். எடுத்தேன். அதில் பாதி நாற்காலி தெரிகிறது, ஒரு முழங்கை தெரிகிறது, ஒரு குவியல் கீரை தெரிகிறது. விளம்பரத்துக்கு உதவாது என்று சொல்லிவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம், முதல் நாள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒன்றும் வேண்டாம். போய் நில்லுங்கள். கல்கத்தாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் டீ தருவார்கள். டீ வந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் யோசிக்காமல் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தைத் தொடாதீர்கள். மிச்சம் இருக்கிற இடத்தில் உங்கள் படிப்பைக் காட்டுங்கள்.